கொண்டைக் கள்ளி

எமது இல்லத்து விறாந்தையின் கிழக்கு மூலையிலே ஒரு பூச்சாடி உண்டு. வீட்டுக்கு வருவோருட் பலர் அதனைக் கண்டதும், "இது கடலிலிருந்து எடுத்ததோ?" என்று வினவுகின்றனர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. பச்சை விசிறி ஒன்றை நெளித்து மடித்து, விளிம்பிலே இளஞ்சிவப்புச் சாயந் தீற்றி, ஒரு தண்டின்மேல் நிறுத்திவைத்தாற் போன்றது அதன் தோற்றம். 'கோரல் கக்டஸ்' என்று சொல்லி விற்கின்றனர். அது பவளமுமன்று, கக்டஸுமன்று. கீறினாற் பால் வடியும் கள்ளிக் குடும்பத்தது. வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்கு உறவு. யூபோபியா லக்ரியா என்பது தாவரவியற் பெயர்.

கள்ளிக்குக் கொண்டை வந்தது எங்ஙனம்? தண்டின் நுனியிலே வளர்ச்சிக்குரிய கலங்கள் ஒரு புள்ளியாய்த் திரண்டிருக்கும். அதனாலே தண்டு நேராய் நீளுகின்றது. அப்புள்ளி ஒரு கோடாக விரிந்துவிடின், தண்டும் விசிறியாய்ப் பரந்து, இடம் போதாமல் நெளிகின்றது. நுனியிற் பட்ட காயம், நோய்க்கிருமி, பரம்பரை அலகில் நேர்ந்த மாற்றம் எனக் காரணங்கள் பல கூறுவர். நம் முற்றங்களிற் பூக்கும் கோழிக்கொண்டையும் இவ்வகைத் திரிபே. ஆனால், கோழிக்கொண்டை தன் கொண்டையை விதைவழியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகின்றது. கள்ளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கொண்டையில் ஒரு துண்டை அரிந்து, ஆப்புப்போற் சீவி, வேறொரு கள்ளித் தண்டின் பிளவிலே பொருத்திக் கட்டுகின்றனர். எமது சாடியிலும் மேலே நிற்பது ஒன்று, கீழே வேரூன்றியிருப்பது வேறொன்று. கீழே இருப்பது இலைக்கள்ளி. ஆயுர்வேத வைத்தியர் பவுத்திரத்துக்குக் கட்டும் காரநூலைத் தோய்த்தெடுப்பதும் இதன் பாலிலேதான்.

கள்ளிதானே என்று நீரே காட்டாது வாடவிடுவோர் சிலர். ரோசாவுக்கு ஊற்றுவதுபோல் நாடோறும் ஊற்றி அழுகவிடுவோர் பலர். நாமும் முதற் செடியை அவ்வாறே அழுகவிட்டோம். சாடியின் அடியில் நல்ல துவாரம் இருத்தல் வேண்டும். மண்ணிற் பாதிக்குக் குறையாமற் குருமணலும் செங்கல் நொறுங்கலும் கலத்தல் வேண்டும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் அறவே இல்லையென்று கண்ட பின்னரே அடுத்த நீர். அதனையும் மண்ணில் ஊற்றுக. கொண்டையின் மடிப்புகளில் நீர் தங்கின் அங்கிருந்தே அழுகல் தொடங்கும். காலை வெயில் நன்று. சித்திரை மாதத்து உச்சி வெயில் விளிம்பைக் கருக்கிவிடும். ஐப்பசி மழை தொடங்குமுன் கூரையின்கீழ் கொண்டுவந்துவிடுதல் வேண்டும்.

இவையெல்லாம் எளிது. கடினமானது கத்தி வேலை. கீழேயுள்ள இலைக்கள்ளி தன் பங்குக்குத் துளிர் விடும். கொண்டையோ சில வேளை தன் பழைய இயல்பு நினைவுக்கு வந்தாற்போல் நேரான கிளையொன்றை எழுப்பும். இரண்டையும் அடியோடு நீக்காவிடின், விரைந்து வளரும் அவை உணவை இழுத்துக்கொள்ள, கொண்டை மெலிந்து போகும்.

2022 ஆம் ஆண்டு ஆனி மாதம் அத்தகைய கிளையொன்றை அரிந்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு வயது மகள் அருகே குந்தியிருந்தாள். "நேராய் வளருவதை ஏன் அப்பா வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்த எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. நாம் சொல்லைத் தேடிய அந்த இடைவேளையில், அவள் விழுந்த துண்டைக் கையில் எடுத்தாள். பின் அதே கையாற் கண்ணைத் துடைத்தாள்.

அலறல் கேட்டு அயல்வீட்டு ஆச்சி ஓடிவந்தார். "தாய்ப்பால் விடுங்கோ மாஸ்ரர்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆயினும் கண்ணில் அதனை விடுதல் ஆகாது. குழாயடியில் இருத்திப் பதினைந்து நிமிடத்துக்கு மேலாகத் தூய நீரால் இமைகளைத் திறந்து திறந்து கழுவினோம். வலி குறையவில்லை. கள்ளிப்பாலின் கொடுமை சில மணி நேரத்துக்குப் பின்னரே முழுதாய்த் தெரியும். கருவிழியிற் புண்படுத்திப் பார்வையை மங்கச் செய்யும். மருத்துவம் தாமதித்தால் வடுவும் நிற்கலாம். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்கு மிதித்தோம். வழி நெடுக அவள் ஒரு கையால் எமது சட்டையைப் பற்றியிருந்தாள்.

கண் தெளியப் பத்து நாட்கள் சென்றன. அப்பத்து நாட்களும் எம் மனைவி அந்த மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பிள்ளையின் கண்ணைவிட உந்தக் கள்ளி பெரிதோ?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நாம் சாடியை எடுத்துக்கொண்டு படலைவரை சென்றோம். "எறியவேண்டாம் அப்பா, உயரத்தில் வையுங்கோ" என்று தடுத்தவள் மகளே.

அன்றுதொட்டு அது சிறுவர் கைக்கெட்டாத தட்டிலே இருக்கின்றது. கையுறையும் கண்ணாடியும் இன்றிக் கத்தியைத் தொடுவதில்லை. தோலிற் பட்ட பாலைச் சவர்க்காரமிட்டு உடனே கழுவுகின்றோம். வெட்டிய துண்டுகளைத் தாளிற் சுற்றி அகற்றுகின்றோம். சிறு குழந்தைகளோ ஆடு மாடுகளோ உலவும் முற்றத்தில் இச்செடியை வைக்கவேண்டாமென்றே நாம் சொல்வோம்.

சென்ற வாரம் மற்றுமொரு நேர்க்கிளை தலைகாட்டியது. சனிக்கிழமை வெட்டவேண்டும். கத்தி தன் கையில்தான் என்கின்றாள் மகள். தண்ணீர் வாளியோடு தாம் பக்கத்தில் நிற்பதாக எம் மனைவி கூறியிருக்கின்றார்.