கறுத்த தோலும் வெயிலும்

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது, சன்ஸ்கிரீன் வெள்ளையருக்கானது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. மெலனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் கறுத்தவர்களிடம் மிகக் குறைவு. புற்றுநோய் அச்சத்தைக் காட்டி அவர்களிடம் களிம்பு விற்பது தவறுதான். அதிலிருந்து, பாதுகாப்பே வேண்டாம் என்று தாவுவது அதைவிடப் பெரிய தவறு.

மிகக் கறுத்த தோலின் இயற்கைக் காப்பே ஏறத்தாழ எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 13 அளவுதான், மாநிறத்துக்கு இன்னும் குறைவு. தமிழ்நாட்டுக் கோடை நண்பகலிலோ புற ஊதாக் குறியீடு பெரும்பாலும் 11-ஐத் தாண்டுகிறது. புற ஊதாக் கதிர்களில் யு.வி.பி. மேல்தோலைச் சுடுகிறது. யு.வி.ஏ. உட்தோல்வரை இறங்கிக் கொலாஜனைச் சிதைக்கிறது. ஜன்னல் கண்ணாடியும் அதை முழுதாகத் தடுப்பதில்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்ற வாதம் அறவே மறப்பது மங்கு எனும் முகக் கருந்திட்டு. அது மாநிறத்தாரையே அதிகம் வாட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட அதைக் கூட்டுவதால், சாதாரணக் களிம்பைவிட இரும்பு ஆக்சைடு கலந்த நிறக் களிம்பே பயன் தரும். கண்புரைக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். தோலின் கறுப்பு கண்ணைக் காப்பதில்லை.

களிம்பு விலை அதிகம் என்பது நியாயமான குறை. ஆனால் பாதுகாப்பு களிம்போடு முடிவதில்லை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி வயலில் இறங்கும் பெண்கள் செய்வது முறையான வெயில் காப்பு. நெருக்கமாக நெய்த துணி கதிரை நன்றாகத் தடுக்கும். வியர்வையில் களிம்புபோல் வழிந்துவிடாது. நிழல் ஆள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில் கதிர் மிகக் கடுமை. வேலையை அதற்கு முன்போ பின்போ வைப்பதற்குச் செலவே இல்லை.