பெயர் தெரியாத கனவான்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில், இரண்டு அங்குல உயரங்கூட இல்லாத எனாமல் சித்திரங்கள் பல இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கனவான்களின் முகங்கள் அவை. பொடி தூவிய பொய்ச்சிகை, வெல்வெட் அங்கி, கழுத்தில் வெண்துகில், இதழோரத்தில் சிறு புன்னகை. அவற்றுள் சிலவற்றிற்குக் கிடைத்திருக்கும் தலைப்போ, "பெயர் தெரியாத மனிதர்" என்பதுதான்!

இத்தகைய முகம் ஒன்று உருவாக நெருப்பின் தயவு வேண்டும். செம்பு அல்லது பொன் தகட்டைச் சற்றே குவிந்திருக்குமாறு தட்டி, இரு புறமும் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையிலிடுவார்கள். பொடி உருகி வெண்மையான தளமாகும். உலோகங்களினின்று எடுத்த வர்ணப் பொடியை எண்ணெயில் குழைத்து அதன்மேல் சித்திரம் எழுதுவார்கள். அதிக உஷ்ணம் தாங்கும் வர்ணத்தை முதலிலும், தாங்காததைக் கடைசியிலும் இட்டுப் பலமுறை சுட வேண்டும். சற்றுத் தவறினாலும் அத்தனை உழைப்பும் பாழ்.

டிரெஸ்டன் நகரில் பொற்கொல்லர் மகனாகப் பிறந்து, 1706-ல் லண்டன் வந்து சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் ஸிங்கே இக்கலையில் பெரும் புகழ் பெற்றவர். அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் அவர்முன் அமர்ந்தனர். முதுமையில் அவருடைய கண் மங்கிற்று, 1767-ல் காலமானார். அவர் இட்ட வர்ணமோ இன்றும் மங்கவில்லை. தந்தத்தில் நீர் வர்ணத்தால் எழுதிய சித்திரங்கள் வெளிச்சம் பட்டு வெளுக்கும்; எனாமலுக்கு அந்த அச்சமில்லை.

முகம் பிழைத்தது, பெயர் ஏன் பிழைக்கவில்லை? அலட்சியமே காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். அன்பே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. இச்சித்திரங்களைப் பதக்கமாக அணிந்தார்கள்; கைவளையிலும் மூக்குப்பொடி டப்பியின் மூடியிலும் பதித்துக்கொண்டார்கள். தினமும் எடுத்துப் பார்க்கும் மனைவிக்கு, அதன் பின்புறத்தில் கணவர் பெயரைப் பொறித்துவைக்க வேண்டிய அவசியம் என்ன? அறிந்தவர்கள் இருந்தவரையில் பெயரும் இருந்தது. பேத்தியின் மகளிடம் வந்தபோது அது ஓர் ஆபரணம். கைமாறிக் கடைக்கு வந்தபோது, யாரோ ஒரு கனவான்.

நேயர்கள் இன்று மாலை தங்கள் வீட்டிலுள்ள பழைய புகைப்படம் ஒன்றைத் திருப்பிப் பார்ப்பார்களாக. பின்புறம் வெறுமையாயிருந்தால், பெயர் அறிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டு ஒரு வரி எழுதிவைப்பார்களாக. அதற்குச் சூளை வேண்டாம், பென்ஸில் போதும்.