உரிமை உண்டு, உரைப்பார் யார்?

உலகில் இல்லாமை கொடிது என்பர். இல்லாமையினும் கொடியது ஒன்று உண்டு. அஃது, உள்ளதை உண்டென்று அறியாமை. கொல்லையிலே புதையல் கிடக்க, அதனை அறியாது ஊரெல்லாம் இரந்துண்டு மாண்டவன் கதையைக் கேட்டு நாம் நகைக்கின்றோம். அத்தகைய நிலையில் உள்ளோர் நம் நாட்டில் ஒருவரல்லர், இருவரல்லர், இலட்சக்கணக்கினர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணொளி இழந்தோர், செவிப்புலன் குன்றியோர், கைகால் செயலிழந்தோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர் ஆகிய நம் உடன்பிறப்புக்களுக்கெனச் சட்டம் வகுத்த உரிமைகளும், அரசாங்கம் ஒதுக்கிய வேலைகளும், விஞ்ஞானம் அளித்த கருவிகளும் இன்று பல. அவற்றை அவர்தம் இல்லந்தோறும் சென்று உரைப்பார்தாம் இலர். இக்குறையை நீக்குதல் கல்லூரி மாணவர் கடன் என்பதே யான் இங்கு வற்புறுத்த விழைவது.

சென்ற கோடை விடுமுறையில் பசுவந்தனைக்குச் சென்றிருந்தேன். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வெளியில், கைலாசநாதர் கோயிலால் பெயர்பெற்று விளங்கும் ஊர் அது. ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் கம்பும் விளையும். பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசே கதி. அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அருகிலுள்ள சிற்றூர்க் குடியானவர் ஒருவர் தம் மகளோடு அமர்ந்திருந்தார். சிறுமிக்கு 14 வயதிருக்கும். பிறவியிலேயே செவி கேளாதவள். அதனால் பேச்சும் வாய்க்கவில்லை. அவள் ஒரு குச்சியை எடுத்துக் கரிசல் மண்ணில் காளையொன்றின் உருவத்தை வரைந்துகொண்டிருந்தாள். கொம்பின் வளைவும் திமிலின் ஏற்றமும் சிறிதும் பிழையின்றி அமைந்திருந்தன. அவ்வளவு கூரிய கண்ணும் தேர்ந்த கையும் உடையவள், தன் பெயரை எழுத அறியாள். பள்ளிக்கூடத்து வாயிலை ஒருநாளும் மிதித்தவளல்லள்.

“பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே நூறாண்டு கடந்த பள்ளி இருக்கிறதே; அங்கே சேர்த்திருக்கலாமே” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்களுக்கு யாருய்யா சொன்னா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவர் ஊரில் கைப்பேசிக் கோபுரம் உண்டு. மகனுக்குத் திரைப்படச் செய்திகள் நொடிக்கு நொடி வருகின்றன. மகளுக்கு வேண்டிய செய்தி ஒன்றுமட்டும் 14 ஆண்டுகளாக வந்து சேரவில்லை.

இதனால் விளைந்த இழப்பு சிறிதன்று. மொழியென்பது குழவிப் பருவத்திலேயே கொள்ளப்படுவது. சைகை மொழியாயினும் வாய்மொழியாயினும் இளமையில் கிட்டாவிடின், பின்னர் முழுமையாய்ப் பெறுதல் அரிதினும் அரிது. செவிக்கருவியும் பயிற்சியும் மூன்று வயதில் தரும் பயனைப் பதினான்கில் தாரா. இக்கேட்டுக்குத் தந்தையின் வறுமை காரணமன்று. அரசின் கையிருப்புக் குறைவும் காரணமன்று. அறிந்தவர் அறியாதவர்க்கு அறிவியாமையே காரணம்.

அவர்க்குரியவை யாவை என்பதைச் சிறிது நோக்குவோம். 1995-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இத்துறையில் ஒரு சட்டம் இயற்றியது. அஃது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 பங்கை ஒதுக்கியது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் நம் நாடும் சேர்ந்து, 2007-இல் அதனை உறுதிசெய்தது. அதன் பயனாய் எழுந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஏழாயிருந்த வகைகள் 21 ஆயின. வேலை ஒதுக்கீடு 4 விழுக்காடாயிற்று. அரசுக் கல்லூரிகளிலும் அரசின் உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் இவர்க்கு உரியன. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அண்டைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம். அரசுப் பணியில் இருக்கையில் ஒருவர் கண்ணையோ காலையோ இழப்பின், அதனையே காரணமாக்கி அவரைப் பணியினின்று நீக்குதலும் பதவியிற் குறைத்தலும் கூடா. இவையெல்லாம் சட்டத்தின் சொற்கள். ஒருவரும் மனமிரங்கி இடும் பிச்சையல்ல.

ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் பேர். நாட்டு மொத்தத்தில் மூவரில் இருவர்க்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். தொழில் செய்வோராய்க் கணக்கிடப்பட்டோர் நூற்றுக்கு 36 பேரே. எஞ்சியோரில் குழந்தைகளும் முதியோரும் உளர் எனினும், உழைக்க ஆற்றலிருந்தும் உழைப்பிற்கு வழியறியாது திண்ணையில் முடங்கிக் கிடப்போர் எத்துணைப் பேர்!

கருவிகளின் கதையும் இத்தகையதே. கண்ணில்லாதவர் நூல் கற்பதற்கு ஒருகாலத்தில் பிறர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பின்னர்ப் பிரெயில் புள்ளியெழுத்து வந்தது. 1951-இல் இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறையும் அமைந்தது. இன்றோ, திரையில் உள்ளதைக் குரலாற் படித்துக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை, கண்பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கி, உலகத்தார் யாவர்க்கும் விலையின்றி வழங்கினர். அது தமிழையும் படிக்கும். நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைப்பேசியிலேயே இவ்வசதி அடங்கியிருக்கிறது. திறந்து காட்டுவார்தாம் வேண்டும். இத்தகைய மென்பொருளின் துணையால் பயின்ற சென்னைப் பெண்மணி பெனோ ஸெபைன், 2015-இல் இந்திய வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்தார். முற்றிலும் கண்பார்வை இல்லாத ஒருவர் அப்பணியிற் சேர்ந்தது அதுவே முதன்முறை. கால் இழந்தோர்க்கு, 1968-இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் கால் உண்டு. சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, செவிக்கருவி முதலியவற்றை வருவாய் குறைந்தோர்க்கு வழங்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 1981 முதல் நடைபெறுகின்றது.

செய்தி சொல்லுதல் ஒரு பெரிய தொண்டாகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். அன்னோர் லூயி பிரெயிலின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். அவர் 1809-இல் பாரிஸ் நகருக்கு அணித்தான கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். மூன்றாம் வயதில் தந்தையின் குத்தூசி கண்ணிற் பாய்ந்தது. நாளடைவில் இரு கண்ணும் ஒளி இழந்தன. அவ்வூர்க் குருவானவரும் பள்ளியாசிரியரும் அச்சிறுவனை வாளா விட்டுவிடவில்லை. பாரிஸ் நகரில் பார்வையற்றோர்க்கு ஒரு பள்ளி உண்டென்பதை அறிந்து, அவன் 1819-இல் அங்குச் சேர வழிசெய்தனர். பதினைந்தாம் வயதில் அவன் ஆறு புள்ளிகளால் ஓர் எழுத்துமுறை கண்டான். அது 1829-இல் நூலாய் வெளிவந்தது. கூவ்ரேயில் அந்நாள் அவனுக்கு வழிகாட்டுவார் இலராயின், உலகத்துப் பார்வையற்றோர்க்கெல்லாம் எழுத்தீந்த அக்கை, தந்தையின் பட்டறையில் தோல்வாரைத் தடவிக்கொண்டே காலங் கழித்திருக்கும்.

கடல் கடந்தும் செல்ல வேண்டா. நம் அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில், மிஷன் தொண்டு பூண்ட ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஸ்வெயின்சன் அம்மையார் செவி கேளாதோர்க்குப் பள்ளி கண்டார்.  அவர்கள் வழிவந்த கல்விச்சாலைகளில் கற்கும் நாம், பள்ளிக் கட்டிடங்களைமட்டும் போற்றி, அத்தொண்டினை மறத்தல் தகுமோ?

உதவி பெறுவோராய்மட்டும் இவர்களை எண்ணுதலும் பிழையே. தென்காசிக்கு அருகேயுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் என்பார், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுப் பயிற்சியின்போது வீழ்ந்து, கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்தார். அவர் 1981-இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். பள்ளி, மருத்துவப் பயிற்சி, தொழிற்கல்வி என்று கிளைத்த அந்நிறுவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பெருநிழலாயிற்று. 2020-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது அவர்க்கு அறிவிக்கப்பட்டது. படுக்கையிற் கிடந்தவர் ஊர்ஊராய்ச் செய்தி சேர்க்க ஏற்பாடு செய்தார். கால் வலிய நாம் செய்ததென்ன?

இனி, இதற்கு மறுப்பாய்ச் சொல்லப்படுவன இரண்டு. “கண்ணும் காலும் உடையவர்க்கே வேலை அரிதாயிருக்க, இவர்க்கு ஒதுக்குதல் நியாயமோ?” என்பது ஒன்று. நூற்றுக்கு 96 வேலைகளிலும் போட்டியிடத் தடையில்லாத ஒருவர், எஞ்சிய நான்கைக் கண்டு வருந்துதல் பெருந்தன்மை ஆகாது. அன்றியும், படிக்கட்டும், அச்சுத்தாளும், ஒலிபெருக்கியும் எல்லாம் தமக்கேற்ப அமைந்த உலகில் வாழ்வோர், அவற்றைத் தமக்குக் கிடைத்த சலுகையாய் எண்ணுவதில்லை. “அறிவித்தல் அரசின் வேலை, மாணவர் வேலை அன்று” என்பது மற்றொன்று. அரசு கடமைப்பட்டதே, அதனை யான் மறுக்கவில்லை. ஆயின் அரசாணை அலுவலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. அதனைக் கரிசல் காட்டு ஓலைக்குடிசைக்குச் சுமந்து செல்லக் கால்கள் வேண்டும். விடுமுறைதோறும் அவ்வூர்களுக்கே திரும்பும் கால்கள் நம்முடையவை.

ஆதலின், நண்பர்களே, நாம் செய்யத்தக்கவற்றை வரிசையாய்க் கூறுகின்றேன். முதலாவது, சான்றிதழ். அஃதின்றி எவ்வுரிமையும் கதவு திறவாது. அரசு மருத்துவர் ஆய்ந்து வழங்கும் இச்சான்றிதழை 2021 ஜூன் முதல் இணைய வழியே பெறவேண்டுமென்று விதித்துள்ளனர், உடன் யு.டி.ஐ.டி. என்னும் அடையாள அட்டையும் வழங்கப்படும். எழுத்தறியாக் குடும்பத்துக்கு இவ்விண்ணப்பம் மலையேறுதல் போன்றது. நமக்கோ அரைமணி நேர வேலை. இரண்டாவது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பசுவந்தனை வட்டாரத்தார்க்கு அது தூத்துக்குடியில் உள்ளது. கருவி, உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றிற்கெல்லாம் அதுவே வாயில். விண்ணப்பத்தின் படியொன்றை எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்தல் நன்று. மூன்றாவது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்னும் குறிப்போடு பதிவுசெய்தல். அக்குறிப்பு விடுபட்டால் ஒதுக்கீடு கைநழுவும். நான்காவது, உரிமை மறுக்கப்படின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்க்கு எழுத்தால் முறையிடுதல்.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டையும் நோக்குதல் முறை. நம் நூல்நிலையத்தின் படிகளைச் சக்கர நாற்காலி கடக்குமோ? அங்குள்ள கணிப்பொறிகளில் ஒன்றிலேனும் திரைபடிக்கும் மென்பொருள் நிறுவப்பட்டுள்ளதோ? தேர்வில் எழுத இயலாதவர்க்காக எழுதுவோரை, அவர் கெஞ்சிக் கேட்குமுன் நாமே ஏற்பாடு செய்கின்றோமோ? 2021-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், கை எழுத்து நோயுற்ற ஒரு தேர்வரின் வழக்கில், அவரவர் நிலைக்கேற்ற தக்க வசதியளித்தல் சமத்துவத்தின் பகுதியே என்று தெளிவுறுத்தியது. நீதிமன்றம் சொல்லித்தான் நாம் செய்யவேண்டும் என்பதில்லை. கற்ற மாணவர் இருவர் வாரம் ஒரு மாலை அமர்ந்து, வருவோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஒரு மேசையைக் கல்லூரி வாயிலில் இடுவதற்குப் பெரும்பொருள் வேண்டா; மனம் ஒன்றே வேண்டும்.

அன்று பேருந்து வருமுன், பாளையங்கோட்டைப் பள்ளியின் பெயரையும், தூத்துக்குடி அலுவலகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்குடியானவர் அதனை நான்காய் மடித்து வேட்டி மடியில் வைத்து முடிந்துகொண்டார். சிறுமி எழுந்து, தான் வரைந்த காளையை மிதியாது சுற்றிச் சென்று பேருந்தில் ஏறினாள். சட்டம் அவளுக்குத் தந்த 12 ஆண்டுகளில் எட்டு கழிந்துவிட்டன, எஞ்சியவை நான்கு. அவளைப் போன்றோர் நம் ஒவ்வொருவர் ஊரிலும், ஒருவேளை நம் தெருவிலேயே, இருத்தல் கூடும். வரும் விடுமுறையில் ஒரு வீட்டின் கதவையேனும் தட்டுவோம். “எங்களுக்கு யார் சொன்னார்?” என்று கேட்கும் தந்தை இனி நம் நாட்டில் இல்லாதிருக்க, இறைவன் நம் நாவிற்கும் காலுக்கும் வலிமை அருள்வாராக.