அட்டிகைக்கு அந்தத் தொட்டி ஆகாது

"நகைக் கம்பெனியிலேயே அல்ட்ராசோனிக் மெஷினில்தான் கழுவுகிறார்கள். வீட்டில் கழுவினால் என்ன?"

தேன்கனிக்கோட்டையில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். கேட்க இந்த ஊருக்கு உரிமையும் இருக்கிறது. 1980களின் பிற்பாதியில் ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது, 1990களில் தனிஷ்க் நகைகள் வந்தன. சிப்காட் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் தொழிற்சாலையில் பார்த்ததை வீட்டில் சொல்கிறார்கள். இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கு டிபன் பாக்ஸ் அளவில் அல்ட்ராசோனிக் மெஷின் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றி பட்டனை அமுக்கினால், நகையிலிருந்து அழுக்கு புகைபோலக் கிளம்புவது கண்ணுக்கே தெரிகிறது. அதைப் பார்த்தபின் எதைச் சொன்னாலும் எடுபடுவதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பிரஷ் படாததால் சேதமே வராது என்கிறார்கள். தொட்டியின் அடியில் ஒட்டியுள்ள பீங்கான் வில்லை நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகள் பிறந்து, பிறந்த வேகத்திலேயே நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் ஓர் அடி. கப்பல் சுழலிகளின் உலோக இறக்கைகள் தண்ணீருக்குள் அரிபடுவதற்குக் காரணமும் இதே குமிழிதான். அதன் அழுத்தத்தை 1917இல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். நம்ப முடியாவிட்டால், சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டைத் தொட்டித் தண்ணீரில் ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல மெஷின் என்றால் தாள் சல்லடையாகும். தாளுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால், நீங்கள் வாங்கியது அல்ட்ராசோனிக் என்று பெயர் எழுதிய வெறும் உலுக்கும் டப்பாவாக இருக்கலாம்.

இனி கம்பெனிக் கதைக்கு வருகிறேன். நகைத் தொழிற்சாலையில் தொட்டிக்குள் போவது புது நகை. பாலிஷ் போட்டபோது ஒட்டிய மெழுகும் பொடியும் அதிலிருந்து போக வேண்டும். எந்த உலோகம், என்ன கல், எப்படிப் பதித்தது என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நம் பீரோவில் இருப்பது அப்படியா? பாட்டியின் அட்டிகை, ஏழுகல் தோடு, ராசிக்கல் மோதிரம், கருகமணி, திருவிழாவுக்கு வாங்கிய கவரிங் என்று எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. பெரும்பாலும் நமக்கும் தெரியாது.

எங்கள் சித்தியின் அட்டிகையில் இதைக் கண்ணால் பார்த்தேன். அவர் அம்மா போட்டுவிட்ட கெம்புக்கல் அட்டிகை. ஹீட்டர் உள்ள மெஷினில் இரண்டு முறை போட்டார். முதல் முறை பளிச்சென்று வந்தது. இரண்டாம் முறைக்குப் பிறகு நடுக்கல் மங்கிப்போனது, பக்கத்தில் இரண்டு கற்கள் ஆடின. ஆசாரி பின்பக்கத்தைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் கோத்திருந்தது, அரக்கு இளகி இடம் மாறியிருந்தது. "அரக்கு வெச்ச நகைம்மா இது. துடைச்சா போதும், முக்கவே கூடாது" என்றார். சித்தி வெகுநேரம் பேசவில்லை. அவர் அம்மாவின் நினைவாக வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

பழைய அட்டிகை, குண்டுமணி, கோயில் நகை வகைகளில் தங்கத் தகட்டின் உள்ளே அரக்கு இருப்பது சாதாரணம். அரக்குக்குச் சூடு ஆகாது. ஹீட்டர் இல்லாத மெஷினிலும் அதிர்வின் ஆற்றலால் தண்ணீர் மெல்லச் சூடாகும். பின்பக்கம் மூடிப் பதித்த பழைய வைரத்தோட்டில் வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் புகுந்து தங்கினால் ஒளி செத்துவிடும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, மென்மையானவை. மரகதத்தில் இயற்கையாகவே கீறல் உண்டு. பெரும்பாலான மரகதங்களில் அந்தக் கீறலை எண்ணெய் ஊட்டி மறைத்திருப்பார்கள், குமிழி அதை வெளியே இழுத்துவிடும். மலிவு மாணிக்கங்கள் பலவற்றில் கீறலைக் கண்ணாடி கொண்டு நிரப்பியிருப்பார்கள். கவரிங்கின் மேல்பூச்சு எங்காவது உரிந்திருந்தால், அங்கிருந்து இன்னும் உரியும்.

"கல் விழுந்தால் தொட்டிக்குள்தானே விழும், ரோட்டில் விழுவதைவிட மேல்" என்று ஒருவர் வாதிட்டார். கொக்கிகள் பிடித்திருக்கும் வைர மோதிரத்துக்கு இது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆடும் கல்லைக் கண்டுபிடிக்க மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

மெஷின் தங்கத்தைத் தின்னும் என்று பயப்படுவோரும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. சோப்புத் தண்ணீரில் தங்கம் கரையாது. கழுவியபின் எடை சிறிது குறைந்தால், போனது அழுக்கின் எடை. தங்கத்தைக் கரைப்பது ராஜதிராவகம், அதாவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை. வாசலில் வந்து "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்பவனின் கிண்ணத்தில் அது இருக்கலாம். அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் இந்த மெஷினை வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கல்லும் அரக்கும் இல்லாத செயினுக்கும் வளையலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெள்ளிக் கொலுசின் இடுக்கு அழுக்கும் போகும். கறுப்பு மட்டும் போகாது. அது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசு படும்படி வைத்து, ஆப்பசோடா போட்ட வெந்நீரை ஊற்றினால் கறுப்பு விலகும்.

அரக்கோ மூடிய பின்பக்கமோ இல்லாத மற்ற தங்கத்துக்கு என்ன செய்வது? ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர், மெத்தென்ற பழைய பிரஷ், அடியில் ஒரு டீ வடிகட்டி. பற்பசை வேண்டாம். அதில் இருக்கும் உராய்வுப் பொடி 22 காரட் தங்கத்தில் கோடு போடும்.

மூக்குக் கண்ணாடிக்கும் இதே மெஷின் என்கிறார்கள். கடையில் போடுகிறார்கள்தான், குளிர்ந்த தண்ணீரில், கொஞ்ச நேரம், லென்ஸைப் பார்த்துவிட்டு. இன்றைய லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஒரு மைக்ரானைவிட மெல்லியது. பூச்சில் முன்பே நுண்விரிசல் இருந்தால் சூடும் அதிர்வும் அதைப் பெரிதாக்கும். ஃப்ரேமின் ஸ்க்ரூவும் தளரும். கீறலோ எத்தனை முறை போட்டாலும் போகாது, அது அழுக்கல்ல.

கீறல் எங்கிருந்து வருகிறது என்று இந்த மாவட்டத்தில் யாரும் தேட வேண்டியதில்லை. கிரானைட் அறுக்கும் இடத்திலும் கிரஷரிலும் வேலை செய்பவரின் கண்ணாடியில் படிவது குவார்ட்ஸ் கலந்த தூள். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, பிளாஸ்டிக் அதன் முன்னால் வெண்ணெய். வேலை முடிந்ததும் அதை வேட்டி நுனியாலோ சட்டை நுனியாலோ துடைக்கிறார்கள், கீறல் அப்போதுதான் விழுகிறது. குழாய்த் தண்ணீரில் தூளை ஓடவிட்டு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பை விரலால் தடவி அலசி, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கலாம். போர்வெல் தண்ணீர் வெள்ளைப் புள்ளி விடும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர். மூக்குத் தாங்கியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதை எந்த மெஷினிலும் போட வேண்டாம். கண்ணாடிக் கடையில் புதுத் தாங்கி மாட்டித் தருவார்கள்.