மலைக்குக் கூடியவர்கள் மனிதனுக்கும் கூடுவார்களா?

மதுரை ஜில்லாவில் மேலூரை அடுத்துள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் அவதரித்த தலம். இது நேயர்கள் அறிந்ததே. அவ்வூரின் அருகேயுள்ள ஓவாமலையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் உள்ளன. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சைவப் பெரியார் பிறந்த ஊரில் சமணர் படுக்கை!

சமயங்களுக்குள் பூசலே இல்லை என்று சொல்வதற்கில்லை. மாணிக்கவாசகர் தில்லையில் பௌத்தர்களை வாதில் வென்றார் என்றே புராணம் கூறுகிறது. ஆனாலும் திருமறைநாதர் கோயில் இருக்கிறது, கற்படுக்கையும் இருக்கிறது. இரண்டையும் ஊரார் தம்முடையவை என்றே கருதுகிறார்கள்.

அரிட்டாபட்டியின் வெற்றி

இதே மேலூர் வட்டாரத்தில் உள்ளது அரிட்டாபட்டி. அங்கே சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. 2022-ம் ஆண்டில் தமிழக அரசாங்கம் அங்கே 193.42 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

2024 நவம்பரில் வந்தது ஒரு செய்தி. அத்தலத்தையும் உட்படுத்திச் சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசாங்கம் ஏலம் விட்டிருந்தது. கிராமங்கள் கொதித்தெழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ந் தேதி விவசாயிகளும் பெண்களும் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரண்டு சென்றனர். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்தாயிற்று. எண்பது நாட்களுக்குள் மக்கள் வென்றுவிட்டார்கள்!

சாதி, மதம், கட்சி எதுவும் அந்தக் கூட்டத்தைப் பிரிக்கவில்லை. ஏன்? மலை போனால் எல்லோருக்கும் தண்ணீர் போகும், நிலம் போகும். நஷ்டம் பொதுவாக இருந்தது. ஆகவே ஒற்றுமையும் எளிதாக வந்தது.

மேலவளவு கேட்கும் கேள்வி

நஷ்டம் அடுத்த வீட்டுக்காரனுக்கு மட்டும் என்றால்?

அதே மேலூர் வட்டாரத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பையும் மீறித் தேர்தல் நடந்தது, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி அவரும் மற்றும் ஐவரும் படுகொலை செய்யப்பட்டனர். ஓட்டுப் போட்டு வாங்கிய பதவிக்கு உயிர் விலையாயிற்று. 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்.

தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அன்றும் இருந்தது. 1948-ல் ஐ.நா. சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமும் இருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. துணைக்கு நிற்க ஊர்தான் இல்லை!

1939-ல் நடந்தது

துணை நின்றவர்களும் இந்த மதுரையில் உண்டு. 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர்களில் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு வரவேற்றார். ராஜாஜியின் சர்க்கார் சட்டம் செய்து பாதுகாப்புக் கொடுத்தது. கக்கன் பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் உள்துறை அமைச்சரானார்.

வைத்தியநாதய்யருக்குக் கோயில் வாசல் என்றுமே அடைத்திருக்கவில்லை. வைதீகர்களின் கடும் எதிர்ப்பைத் தவிர அவருக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. அடுத்தவனுக்கு அடைபட்ட கதவைத் தனக்கு அடைபட்டதாக எண்ணினார். அதுதான் பெருமை.

மாறும் என்பதற்கும் சான்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகளாக முடங்கிக் கிடந்த ஊராட்சித் தேர்தல்கள் 2006-ல் நடைபெற்றன. அரசாங்கம் உறுதியாக நின்றது, ஊராரும் இசைந்தனர்.

தன் நிலத்துக்காகக் கூடுவது இயற்கை. பக்கத்துத் தெருக்காரனின் நாற்காலிக்காகவும் கூடுவதே நாகரிகம். அரிட்டாபட்டிக்குத் திரண்ட அதே கைகள் மேலவளவு போன்ற ஊர்களிலும் கோத்து நிற்குமானால், அதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன இருக்கிறது?