அப்பாவின் புல்லட்டும் புது உருவமும்



வீட்டில் சும்மா நிற்கும் அப்பா காலத்துப் புல்லட்டை இளைஞர்கள் மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது எனக்கு மனநிறைவான செய்தி. 1950களிலிருந்து திருவொற்றியூரில் உருவான வண்டி அது. பழைய இரும்புக்கடைக்குப் போகக் கூடாது. எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன், போர் வேலை முடித்து, வயரிங் மாற்றி, டேங்கைப் பளபளப்பாக்கட்டும்.

ஆனால் சிறுசேரி சிப்காட் சாலையில் இரவில் கேட்கும் வெறும் குழாய் சைலன்சரின் அதிர்வு கலையல்ல, தொல்லை. அழகுக்காக வண்டிச் சட்டகத்தின் பின்பகுதியை அறுத்து, மட்கார்டையும் சேலை கார்டையும் கழற்றுகிறார்கள். பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. அம்மாவின் முந்தானையைக் காத்தது அந்தத் தடுப்புக் கம்பிதான்!

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று எளிய தமிழில் ஒரு பட்டியலைப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு மெக்கானிக் கடையிலும் ஒட்டச் செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், சிறுசேரி