ஜமாஅத்தில் நம் பெண்களுக்கு இடம் எப்போது?



1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆவடியிலே காங்கிரஸ் மகாசபை கூடிற்று. நாட்டின் பொருளாதாரம் சோஷலிசப் பாணியில் அமைய வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அன்றுமுதல் ‘ஆவடித் தீர்மானம்’ என்பது இந்திய அரசியல் வரலாற்றில் நிலைபெற்ற சொல்லாயிற்று. தீர்மானம் இயற்றுவது எளிது, அதனை ஏழையின் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்ப்பதே அரிது என்பதை அந்த ஊராருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் இன்று நாம் எழுதப் புகுந்தது அரசாங்கத்தின் தாமதத்தைப் பற்றியன்று. நம்முடைய தாமதத்தைப் பற்றியே.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பூந்தமல்லியில் கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில், 17ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிவாசல் எழுந்துவிட்டது. ஆனால், அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்த பின்னரே, பிழைப்பு நாடிப் பல ஊர்களிலிருந்தும் நம் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். முதலில் ஓலைக் கொட்டகையில் தொழுகை, பிறகு ஒரு மனை, அதன்பின் ஒரு மினாரா என்று வளர்ந்த மஹல்லாக்கள் இவ்வட்டாரத்தில் எத்தனை! அந்தக் கட்டடங்களுக்கு ஆண்கள் சந்தா தந்தார்கள் என்றால், பெண்கள் காதிலிருந்ததைக் கழற்றித் தந்தார்கள்.

இன்று அப்பெண்களின் நிலை என்ன? தமிழக உள்ளாட்சி மன்றங்களில் 1996 தேர்தல்முதல் மூன்றில் ஒரு பங்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சரிபாதியும் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் இம்மன்றங்களின் பாதி இடங்களில் பெண்களே போட்டியிட முடிந்தது. ஆகவே, நம் வீட்டுப் பெண் ஒருத்தி மாமன்றத்தில் அமர்ந்து தெருவின் குடிநீரையும் சாக்கடையையும் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். அதே பெண், தன் மகளின் தலாக் விவகாரம் ஜமாஅத் கூட்டத்தில் பேசப்படும்போது அவ்வறையின் வாசலில்கூட நிற்க இயலாது. அவளுக்காக அண்ணனோ, அண்ணனும் இல்லையேல் அண்டை வீட்டுக்காரரோ பேச வேண்டும். தாய் அறிந்ததை அவர் அறிவாரா? அறிந்தாலும் அத்தனை பேர் முன்னிலையில் சொல்லத் துணிவாரா?

இதனை மார்க்கம் விதித்தது என்று எவரேனும் கூறுவராயின், திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தைப் புரட்டுமாறு அவரை அன்புடன் வேண்டுகிறோம். அதன் பெயரே ‘முஜாதலா’, அதாவது வாதிட்ட பெண். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்னும் அந்த அம்மையாரின் கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித், சினத்தில், தம் மனைவியைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கினார். அறியாமைக் காலத்து வழக்கப்படி அத்தோடு அவர் வாழ்வு முடிந்தது. அம்மையார் அண்ணனையும் அனுப்பவில்லை, அண்டை வீட்டாரையும் அனுப்பவில்லை. தாமே நேரில் வந்து அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். முதலில் கிடைத்த மறுமொழி தமக்குச் சாதகமாக இல்லாதபோதும் பின்வாங்காது மீண்டும் வாதிட்டார். அவ்வாதத்தை அல்லாஹ் செவியுற்றதாக இறைவசனம் இறங்கிற்று. கணவர் மீண்டும் அவரை நாடுவதாயின் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இயலாவிடில் இரு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும், அதுவும் இயலாவிடில் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்று பரிகாரம் விதிக்கப்பட்டது. ஏழு வானங்களுக்கு அப்பால் கேட்கப்பட்ட அக்குரல், நம் ஜமாஅத் அலுவலக அறைக்குள் மட்டும் கேட்கலாகாதா?

கவ்லா அம்மையார் ஒருவர் மட்டுமல்லர். அகபாவில் நடந்த இரண்டாம் உறுதிமொழி, இக்காலச் சொல்லில் கூறினால், ஓர் அரசியல் ஒப்பந்தம். அதில் எழுபதுக்கு மேற்பட்ட ஆடவரோடு நுஸைபா பின்த் கஅப் (ரலி) உள்ளிட்ட இரு பெண்மணிகளும் கலந்துகொண்டார்கள். ஹுதைபிய்யாவிலோ, உடன்படிக்கையின் நிபந்தனைகளால் தோழர்கள் உள்ளம் சோர்ந்து, பலியிடவும் தலைமுடி களையவும் எழாதிருந்த நேரத்தில், நபிகளார் (ஸல்) கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா நாயகி (ரலி) அவர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள். எவரிடமும் பேசாது தாங்களே முதலில் பலியிடுங்கள் என்று நாயகியார் கூறிய யோசனையை ஏற்றார்கள், நெருக்கடி தீர்ந்தது. வஹீ பெற்ற தூதரே மனைவியின் ஆலோசனையை ஏற்றிருக்க, மூன்றாண்டுக்கொருமுறை மாறும் நம் நிர்வாகக் குழுவினர் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

நாம் செய்யவேண்டியதை நாமே செய்யாவிடில் பிறர் செய்வர். அவர்கள் தம் முறையில் செய்வர். முத்தலாக் விஷயத்தில் நடந்தது அதுவே. ஒரே மூச்சில் மும்முறை கூறும் தலாக்கை ஹனஃபி ஆலிம்களே ‘பித்ஆ’ என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். மிம்பரிலே கண்டித்துவந்தோம், ஆனால், அதனைக் கூறி வந்தவனை ஜமாஅத் அலுவலகத்தில் தடுத்து நிறுத்தும் விதியை எத்தனை மஹல்லாக்கள் இயற்றின? 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் கருத்துரை மட்டுமே, நீதிமன்றங்கள் அதைச் சட்டச் சான்றாக ஏற்கலாகாது என்றது. அவ்வழக்கைத் தொடுத்தவர் தமிழ்நாடு வக்ஃப் வாரியத் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய பதர் சயீத் அம்மையார். அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் முத்தலாக் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2019இல் அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் நோக்கத்தை நாம் ஐயுறுகிறோம். கணவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு மனைவிக்குச் சோறு போடுவது எங்ஙனம் என்று நாம் கேட்டோம், இன்றும் கேட்கிறோம். ஆயினும், அதற்கு இடங்கொடுத்தவர்கள் யாவர் என்ற கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்னும் சகோதரி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் ஒன்றை அமைத்தார். அன்று அவரை ஏசியவர் பலர். தனி ஜமாஅத் அமைப்பது நமக்கும் உடன்பாடன்று; சமுதாயம் இரண்டாகப் பிரிவதை எவர்தாம் விரும்புவர்? ஆனால், இருக்கும் ஜமாஅத்தில் இடம் கிடைத்திருந்தால் அவர் தனியே ஒன்றைத் தேடியிருப்பாரா?

வக்ஃப் சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், மாநில வாரியத்தில் குறைந்தது இரு பெண் உறுப்பினர் இருத்தல் வேண்டும் என்றது. மேலே வாரியத்தில் பெண்ணுக்கு இடமுண்டு. கீழே மஹல்லாவில் மட்டும் இல்லை. பெண்கள் பள்ளிவாசலுக்குள் வந்து தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020இல் உச்சநீதிமன்றத்தில் எழுத்துமூலம் தெரிவித்தது. அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவன் பள்ளிகளினின்றும் தடுக்கலாகாது என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் கட்டளையன்றோ! பெருநாள் திடலுக்குப் பெண்கள் யாவரும், தொழுகை விலக்குடையோரும்கூட, வரவேண்டும் என்றும், மேலாடை இல்லாதவளுக்கு அவள் தோழி தன்னுடையதைத் தரவேண்டும் என்றும் உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். நம் ஊர்களில் சில இடங்களில் மாடியிலோ பக்கத்திலோ பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பாராட்டுகிறோம்.

குழப்பம் நேரும் என்பது வழக்கமான ஆட்சேபம். ஆவடியின் இராணுவ உடைத் தொழிற்சாலைக்கும், அம்பத்தூரின் ஆயத்த ஆடைக் கூடங்களுக்கும் நம் பெண்கள் தினமும் ரயிலேறிச் செல்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் சம்பளத்தில் குழப்பம் ஏதும் காணாதவர்கள், ஆண்டுக்கு நான்கு கூட்டங்களில் அவர்கள் திரைக்கு அப்பாலிருந்து பேசுவதில் மட்டும் குழப்பத்தைக் காண்கிறார்கள்!

விளையாட்டைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். கால்பந்தாட்டத்தில் தலைத்துணி அணியலாகாதென்ற விதியால் 2011இல் ஈரான் நாட்டுப் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆடவியலாது திரும்பியது. முஸ்லிம் உலகம் கொதித்தது. 2014இல் அந்தத் தடை நீங்கிற்று. 2017இல் கூடைப்பந்துச் சம்மேளனமும் விதியைத் தளர்த்தியது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோ வீராங்கனை நுஹைலா பென்ஸினா தலை மறைத்தே ஆடினார். உலகம் தன் கதவைத் திறந்துவிட்டது. நம் வீட்டுக் கதவு? பெண் வயதுக்கு வந்தவுடன் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டே. ஏனென்று கேட்டால் மார்க்கம் என்கிறோம். அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு நபிகளார் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை நாயகியார் முந்தினார்கள், பின்னொருநாள் நபிகளார் முந்தி, அதற்கு இது ஈடு என்று கூறி மகிழ்ந்தார்கள். அபிசீனியர் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆட, நாயகியாருக்கு அலுக்கும்வரை நின்று காட்டினார்கள். வட சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பினார். அந்தத் தந்தை கேரம் பலகையின்முன் மகளை அமரவிட்டார், அவ்வளவே. பெண்களுக்கென வாரத்தில் ஒரு மாலை நம் ஷாதி மஹாலைத் திறந்துவிட்டாலே இறகுப்பந்தும் கேரமும் ஆடலாம். திருமணமில்லாத நாட்களில் அது பூட்டித்தானே கிடக்கிறது?

இலக்கியத்திலும் இதே கதைதான். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். துவரங்குறிச்சியின் ஸல்மா, வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று, புனைபெயரில் மறைந்தெழுத வேண்டியிருந்தது. 2001இல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டதால், வேறு வழியின்றி வீட்டார் அவரையே தேர்தலில் நிறுத்தினார்கள். 2025இல் அவர் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். அவர் எழுத்தில் எல்லாம் நமக்கு உடன்பாடென்று கூறோம். ஒதுக்கீடு என்ற ஒரு விதி, மூடிய கதவை எப்படித் திறக்கிறது என்பதற்காகவே குறிப்பிட்டோம். நாடாளுமன்றமும் இதில் நமக்குச் சளைத்ததன்று: 1996இல் கொண்டுவரப்பட்ட மகளிர் மசோதா சட்டமாவதற்கு 2023 வந்தது, அதிலும் கணக்கெடுப்புக்கும் தொகுதி வரையறைக்கும் பின்னரே நடைமுறை என்று எழுதிவைத்தார்கள்.

ஆகவே, வாசகர்களே, இன்று ஜும்ஆ முடிந்து திரும்புமுன் உங்கள் மஹல்லாவின் சந்தாப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் அதில் யார் பெயரால் பதியப்பட்டிருக்கிறார்கள்? சந்தா அவர்களுடையதாயின், வாக்கு எவருடையது? கணவன் மனைவி பிணக்கில் அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என இரு நடுவரை நியமிக்கத் திருக்குர்ஆன் பணிக்கிறது. கடைசியாக உங்கள் ஜமாஅத் தீர்த்த விவகாரத்தில் அவள் தரப்பு நடுவராக அமர்ந்தவர் யார் என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு பலகையில் ஒட்டப்படுவதற்குள், பெண் உறுப்பினர் பற்றிய தீர்மானம் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்; பத்துப் பேர் கையெழுத்திட்டால் எந்த நிர்வாகமும் அதைப் படிக்காமல் மூடிவைக்க இயலாது. அக்கையெழுத்துகளைத் தொடங்குமுன், உங்கள் மனைவியிடமும் தாயிடமும் அந்தத் தாளைக் காட்டி, விட்டுப்போனது ஏதேனும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.